அசைந்தால் முகம் வராது

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு மனிதர் வெள்ளவத்தையில் கடல் பக்கமாக ஓடுவதையும், பின்னால் ஒருவன் சவரக் கத்தியோடு துரத்துவதையும் நீங்கள் எப்போதாவது கண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. முன்னால் ஓடியவர் ஓவியர். பின்னால் ஓடியவன் நான். கழுத்தில் கட்டியிருந்த என் துணியோடு போய்விட்டார், அதற்காகத்தான்.

எங்கள் ஒழுங்கையில் என் சலூனுக்கு எதிரே தெம்பிலி என்கிற செவ்விளநீர் விற்கும் சிங்களப் பையன் ஒருவன் உண்டு. பின்னேரம் நாலரை மணிக்குமேல் கடலிலிருந்து வரும் வெயில் ஒழுங்கையில் நீளமாகப் படுத்துக்கொண்டு வந்து அவனுடைய தெம்பிலிக் குலைகளில் ஏறும். ஓவியர் என் கதிரையில் உட்கார்ந்தால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே மாட்டார். தனக்குப் பின்னால் தெரியும் ஒழுங்கையைத்தான் பார்ப்பார். ஏதாவது பிடித்துவிட்டால் இடது கண் சுருங்கும். துணிக்குள் வலது கைப் பெருவிரல் சுட்டுவிரலைத் தேய்க்கத் தொடங்கும். அந்த இரண்டையும் கண்டால் நான் கத்தியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காது போகும். அடுத்த நிமிடம் ஆள் தெருவில் நிற்பார்.

ஒருமுறை பொலிஸ்காரர் ஒருவர் என்னை மறித்துக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார். தெம்பிலிப் பையன்தான் ஓடிவந்து, அது சித்திர மாத்தயா, படம் கீறுகிற ஐயா, இது அவருக்கு முடிவெட்டுகிற பாபர், இது இங்கே வாராவாரம் நடப்பதுதான் என்று சிங்களத்தில் எடுத்துச் சொன்னான். பொலிஸ்காரர் ஓவியரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பிஸ்ஸுத?" என்று கேட்டார். பைத்தியமா என்று அர்த்தம். யாரைக் கேட்டார் என்று தெரியாததால் நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அவர் யாழ்ப்பாணத்து மனிதர். இருபத்தெட்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் ரோட்டுக்குப் பிளான் வரைந்தவர். ஸ்கேல் வைத்து நேர்கோடு கீறிக் கீறிக் கண் செத்துப்போனது என்பார். அதனால்தானோ என்னவோ, அவருடைய படங்களில் மருந்துக்கும் ஒரு கோடு இருக்காது. எல்லாம் புள்ளியும் தீற்றலும்தான். கிட்டப் போனால் சாப்பிட்டு எழுந்த மேசைபோல இருக்கும். பத்தடி தள்ளி நின்றால் வெள்ளவத்தை ஸ்டேஷனில் மழைக்குக் குடை விரிக்கும் சனம் தெரியும், மார்க்கட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும் பெண்கள் தெரிவார்கள், தண்டவாளத்தில் வரிசையாக நடந்து வீட்டுக்குப் போகும் வேலைக்காரர்கள் தெரிவார்கள். இந்த மாதிரி வரைகிறவர்களை இம்ப்ரெஷனிஸ்ட் என்று சொல்வார்களாம். என்னிடம் தலைக்கு மை பூச வரும் வக்கீல், எங்கள் லோயர் ஐயா சொல்லித்தந்தார். நான் மலையிலிருந்து வந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விட்டேன் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும், ஆனால் நடந்தது அதுவல்ல. அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. சொல்ல வந்தபிறகு முடிவெட்ட வருகிற எல்லோருக்கும் சொன்னேன்.

அவர் என்னை முதல்முறை வரைந்த கதையைச் சொல்ல வேண்டும். நாளைக்கு சலூனில் வைத்து வரையப்போகிறேன் என்றார். நான் இரவே மீசைக்கு மை பூசி, தீபாவளிச் சட்டையை அயர்ன் பண்ணி, காலையில் பௌடர் போட்டுக்கொண்டு போய் நின்றேன். வாடிக்கையாளர் தலையில் கத்தரிக்கோலை வைத்தபடி முக்கால் மணி நேரம் சினிமா ஹீரோ மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகிப் போனது வேறு கதை. முடிந்ததும் ஓவியர் பலகையைத் திருப்பிக் காட்டினார். கண்ணாடி மின்னியது, பௌடர் டப்பா மின்னியது, வாசலில் வெயில் மஞ்சள் பாயாக விழுந்து கிடந்தது. நடுவில் ஒரு வெள்ளைத் தீற்றல். அதன் மேல் கறுப்பாக ஒரு உருண்டை.

"சார், இது யாரு?" என்று கேட்டேன்.

"நீர்தான் காணும்."

"மூஞ்சி எங்க சார்?"

"நீர் அசைஞ்சுகொண்டே இருந்தனீர். அசைஞ்சால் முகம் வராது."

நான் அசையவில்லை என்று என் பிள்ளை மேல் சத்தியம் செய்தேன். சிரித்தார். பிறகுதான் உள்ளதைச் சொன்னார். முகம் போட்டால் சனம் முகத்தைத்தான் பார்க்கும், வெளிச்சத்தைப் பார்க்காது. அதனால் தான் ஒருபோதும் முகம் கீறுவதில்லை என்றார். நான் இருபது வருடமாகக் கஷ்டப்பட்டு முகம் வழிக்கிறேன், இந்த மனிதர் ஒரே இழுப்பில் முகத்தையே வழித்து எறிந்துவிட்டாரே என்று சலூனில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

ஆனால் முகம் போடாத அந்தப் பழக்கம்தான் அவருக்கு எங்கள் ஒழுங்கை முழுவதையும் திறந்துவிட்டது. யார் வாசலிலும் போய் நிற்பார். இடியப்பம் விற்பது அண்ணன்மாருக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்து வியாபாரம் செய்த அக்கா, வேலை போனதை வீட்டில் சொல்லாமல் பகல் முழுக்க என் சலூன் வாங்குப் பலகையில் பேப்பர் படித்த தம்பி, தலைக்கு மை பூசுவதை மனைவிக்கே சொல்லாத லோயர் ஐயா, யாருமே அவரைக் கண்டு ஒளிக்கவில்லை. புதிதாக யாராவது முகத்தைத் திருப்பினால் நான்தான் உள்ளே இருந்து சத்தம் போடுவேன். பயப்படாம இருங்க, அவருக்கு மூஞ்சி போடத் தெரியாது. இருந்துவிடுவார்கள். அவருக்கு நான் கொடுத்த அத்தாட்சிப் பத்திரம் அது. நான் எழுதத் தெரியாதவன் என்பதால் வாயால் கொடுத்தேன்.

வெளிச்சம் என்று வந்துவிட்டால் அந்த மனிதருக்கு வேறு எதுவும் கிடையாது. சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு ரயிலில் போனவர், இடையில் ஏதோ ஸ்டேஷனில் நனைந்த குடைகளைக் கண்டு இறங்கிவிட்டாராம். போய்ச் சேரும்போது பந்தி முடிந்து வாழையிலை எடுத்துக்கொண்டிருந்தார்களாம். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். இன்னொன்று என் கண்ணால் கண்டது. ஸ்டேஷன் படியில் ஒரு கிழவர் வழுக்கி விழுந்தார். கையில் கொண்டுவந்த தோடம்பழங்கள் படி முழுக்க உருண்டன. நாங்கள் தூக்க ஓடினோம். இவர் தூரிகையோடு நின்றபடி, "கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ" என்றார். அந்தக் கதையையும் நான் சலூனில் நூறு தரம் நடித்துக் காட்டியிருக்கிறேன். கிழவராக விழுவேன், உடனே எழுந்து ஓவியராக நிற்பேன். விழுந்தவர் என் வீட்டு ஆள் இல்லையே.

அவருடைய முதல் கண்காட்சி இங்கே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வந்தது மூன்று பேர். நான், வாச்சர், மழைக்கு ஒதுங்கிய ஒருவர். மழைக்கு ஒதுங்கியவர் குடைப் படத்தைப் பார்த்துவிட்டு, நேரத்துக்கு ஏற்ற படம் என்றார். பிறகு எப்படியோ வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அந்தக் குடைப் படத்தை வாங்கினாள். இங்கிலிஷ் பேப்பரில் எழுதினார்கள். அப்புறம் காரில் ஆட்கள் வந்து அவரைத் தேடினார்கள். வீடு தெரியாதவர்களுக்கு நான் வழி சொன்னேன், சொல்லும்போதே அவர் படத்தில் இருக்கும் வெள்ளைத் தீற்றல் நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பெரிய மனிதரான பிறகும் அவர் வியாழக்கிழமை நாலு மணிக்கு என் கதிரைக்கு வருவதை நிறுத்தவில்லை. எனக்கு அதில் சரியான பெருமை.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

என் மனைவிக்குப் புற்றுநோய் வந்தது. மார்பில். பெரியாஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து மகளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. கொட்டாஞ்சேனையில் புடைவைக்கடை வைத்திருக்கும் குடும்பம். பையன் நல்லவன், மகளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று சனம் சொல்லும். அதனால் மனைவி ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள். கல்யாணம் முடியும்வரை எனக்கு நோய் என்று ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அவளுடைய கூடப்பிறந்தவர்களுக்கே சொல்லவில்லை.

இரண்டாவது மருந்தோடு முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில் வந்தது, தலையணையில் வந்தது, ஒருநாள் சோற்றிலும் வந்தது. முழுக்க எடுத்துவிடுங்கள் என்றாள். கிராண்ட்பாஸில் கல்யாணப் பெண்களுக்கு முடி கட்டிக்கொடுக்கும் ஒருவரிடம் பேசி, அவளுடைய முடியிலேயே ஒரு விக் செய்வது என்று முடிவு செய்தோம். போயா நாளில், பௌர்ணமி விடுமுறைக்கு, சலூனை மூடினேன். ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு அவளைக் கதிரையில் உட்காரவைத்தேன். ஊரில் உள்ள அத்தனை தலையையும் வெட்டிய நான் அன்றைக்குச் சீப்பை மூன்று தரம் கழுவினேன். ஒரு பகிடியும் வாயில் வரவில்லை. அரைவாசி வெட்டியிருப்பேன், ஷட்டருக்குக் கீழே இரண்டு கால் வந்து நின்றது. பெயின்ட் பட்ட அந்தச் செருப்பு எனக்குத் தெரியும்.

போகச் சொல்லியிருக்கலாம். உள்ளே வாங்க சார் என்றேன். ஏன் என்று கேட்டால், எனக்குத் தனியாகச் செய்யப் பயமாக இருந்தது. பார்க்க ஒரு ஆள் இருந்தால் நான் பழையபடி கோமாளி ஆகிவிடலாம். அதோடு, அந்த முடி போவதற்குமுன் ஒரு படத்திலாவது இருக்கட்டுமே என்ற ஆசையும் இருந்தது. பலகையும் தூரிகையுமாகக் குனிந்து உள்ளே வந்தார். ஷட்டருக்குக் கீழால் வெயில் ஊர்ந்து வந்து தரையில் கிடந்த முடியில் ஏறியிருந்தது. அவருடைய இடது கண் சுருங்கியது.

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். நோயையும் சொன்னேன், கொட்டாஞ்சேனையையும் சொன்னேன். அவள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"மூஞ்சி வராதில்லைங்களா சார்?"

"நான் முகம் கீறுறேல்லைத் தங்கச்சி. ஒழுங்கைக்கே தெரியும்தானே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தபடி, "அவருக்குப் போடத் தெரியாது புள்ள. வந்தா என் மீசைய எடுத்துடுறேன்" என்றேன்.

முக்கால் மணி நேரம். கத்தி படும் சத்தமும் தூரிகை படும் சத்தமும்தான். முடிந்ததும் வழக்கமாகப் பலகையைத் திருப்பிக் காட்டுகிறவர், அன்றைக்குக் காயவில்லை என்று சொல்லி, தன் நெஞ்சுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு குனிந்து வெளியே போனார். அவருடைய படங்கள் காயாமலே ஆயிரம் தரம் பார்த்தவன் நான். அன்றைக்கு அது உறைக்கவில்லை.

மருந்து முடிந்தது. டொக்டர் நல்ல வார்த்தை சொன்னார். நிச்சயத்துக்கு நாள் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் பெரிய மனிதர்கள் இருக்கும் கொழும்பு ஏழில் அவருடைய பெரிய கண்காட்சி. எனக்கு இருந்த வாய்க்கொழுப்பில் நான் சும்மா இருந்தேனா? கொட்டாஞ்சேனைக்குப் போன் பண்ணி, எங்க சலூன் படமெல்லாம் பெரிய ஹாலில் வைக்கிறாங்க, குடும்பத்தோட வாங்க சம்மந்தி என்று நானே அழைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. நானே.

அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் பட்டுச் சேலை. மனைவி விக்கைப் பின்னி, பூ வைத்திருந்தாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு இரவல் சப்பாத்து, அது காலைக் கடித்தது. சம்பந்தியம்மாவை நான் கைட் மாதிரி சுவரோரமாக அழைத்துப் போனேன். இது ஸ்டேஷன், இது மார்க்கட், இது நான், இதுவும் நான் என்று தீற்றல்களைக் காட்டினேன்.

"என்ன சம்மந்தி, ஒங்களுக்கு எந்தப் படத்துலயும் மூஞ்சியே காணோம்?" என்றார் அவர்.

"இருந்தாத்தானே போட" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் கடைசியாகக் கண்டது அங்கேதான் என்று சொன்னால் பொய், பிறகும் சிரித்திருக்கிறாள். என் பகிடிக்குச் சிரித்தது அதுதான் கடைசி.

மண்டபத்தின் நடுவில் மறைப்பாக நின்ற தட்டியைச் சுற்றித் திரும்பினோம். அந்தப் பக்கச் சுவரில் ஒரே ஒரு படம். அன்றைக்கு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போன அதே பலகை. கிட்ட இருந்து பார்த்தாலும் தெரிந்தது, பத்தடி தள்ளிப் போக வேண்டிய தேவையே இல்லை. என் கதிரை. தரையில் கறுப்பாக அவளுடைய முடி, அதன்மேல் வெயில். பாதித் தலை மொட்டை. கண்ணாடிக்குள் அவளுடைய முகம். கண், புருவம், மூக்குத்தி, உதட்டுக்குமேல் இருக்கும் சின்ன மச்சம்கூட விடுபடவில்லை. பின்னால் கத்தியோடு ஒரு வெள்ளைத் தீற்றல். அது நான்.

படத்துக்குக் கீழே ஒரு அட்டையில் இங்கிலிஷில் ஏதோ எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. மாப்பிள்ளைப் பையன் படித்தான். அவன் முகம் மாறியதைப் பார்த்து நோயின் பெயரும் அதில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். சம்பந்தியம்மா படத்தைப் பார்த்தார். பிறகு என் மனைவியின் பின்னலைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். கையிலிருந்த குளிர்பானத்தை முழுவதும் குடித்து, கிளாஸை மெதுவாக வைத்துவிட்டு, கடையில் ஆள் இல்லை, வாரோம் என்றார். பையன் என் மகளைத் திரும்பிப் பார்த்தபடி போனான்.

நான் ஓவியரைத் தேடினேன். அங்கே பெரிய மனிதர்களுக்கு நடுவில் நின்றார். என்னைக் கண்டார். ஸ்டேஷனில் கண்டால் எப்படிக் கை உயர்த்துவாரோ அப்படியே உயர்த்திச் சிரித்துவிட்டு, இங்கிலிஷில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மூன்று பேரும் ஓட்டோவில் திரும்பினோம். பம்பலப்பிட்டி தாண்டியபோது மனைவி வெளியே பார்த்தபடி சொன்னாள். "நீங்கதானங்க சொன்னீங்க, மூஞ்சி வராதுன்னு."

சார் சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. நீங்க சொன்னீங்க என்றாள்.

இரண்டு நாளில் தரகர் போன் எடுத்தார். ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டினார்களாம், பொருத்தம் சரியில்லையாம். மகள் கேட்டுவிட்டு, சரிப்பா என்று சொல்லி வேலைக்குப் போனாள். நான் கண்ணாடி முன்னால் நின்று மீசையை எடுத்தேன். வாக்கைக் காப்பாற்றிய ஒரே ஆள் என் மீசைதான்.

அடுத்த வியாழக்கிழமை அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. நாலு மணிக்கு வந்தார். எப்போதும் உட்காரும் கதிரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தார். வாங்கில் லோயர் ஐயா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கும் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. துணியைக் கட்டினேன், நுரை பூசினேன். ஒரு கன்னம் வழித்து முடித்துவிட்டுக் கேட்டேன்.

"ஏன் சார் போட்டீங்க?"

"என்னத்தை?"

"எம் பொண்டாட்டி மூஞ்சிய."

கொஞ்ச நேரம் யோசித்தார். பொய் சொல்ல யோசிக்கவில்லை. அந்த மனிதர் பொய் சொல்லமாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பொறுக்கவே முடியாதது.

"அவ அசையேல்லை காணும். இவ்வளவு காலத்திலை எனக்கு முன்னால அசையாமல் இருந்தது அவ ஒருத்திதான். நான் என்ன செய்யிறது, வந்திட்டுது."

"வந்தா அழிச்சிருக்கலாமில்ல. சொவத்துல மாட்டாம வுட்டிருக்கலாமில்ல. எங்க கதைய எழுதி வேற வச்சிருக்கீங்க."

"அழிக்கிறதோ?" என்றார். அவருக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை. "நான் கீறினதிலையே அது ஒண்டுதான் படம், காணும்."

"எங்க புள்ள கல்யாணம் நின்னு போச்சு சார்."

"கேள்விப்பட்டனான்" என்றார். நல்ல மென்மையான குரலில்தான் சொன்னார். நான் கத்தியைத் தாழ்த்திக் கண்ணாடியைப் பார்த்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. மீசை இல்லாத என் முகம் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. அப்போதுதான் கவனித்தேன். அவர் ஒழுங்கையைப் பார்க்கவில்லை, தெம்பிலியைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கண் சுருங்கியிருந்தது. துணிக்குள் பெருவிரல் சுட்டுவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

என் கையில் கத்தி இருந்தது, அவருடைய தொண்டையும் அதற்குக் கீழேதான் இருந்தது. வேறு யாராவது ஆம்பிளையாக இருந்தால் வேறு கதை எழுதியிருப்பான். நான் நாக்கை நீட்டினேன். கன்னத்தை உப்பினேன். ஒரு கண்ணை உருட்டி மறு கண்ணை மூடினேன், வாயை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாக இழுத்தேன், தலையைக் கோயில் மாடு மாதிரி ஆட்டினேன். ஒரு நொடியும் நிறுத்தவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு மீசை இருந்த இடத்தில் வழிந்துகொண்டிருந்தது. வாங்கிலிருந்து லோயர் ஐயா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆளை இருக்கவிடாமல் சிரிக்க வைக்கிறியே என்றார்.

நான் அவருடைய மறு கன்னத்தையும் அப்படியே ஆடி ஆடித்தான் வழித்து முடித்தேன். எங்கேயும் ஒரு கீறல் படவில்லை.